ஊராட்சிக் கணக்கை நாமே அலசிப் பார்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டுறவு சங்கத்தில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன் நான். கிராம சபைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகள் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்தேன். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளுக்காக எழுதியது இது. நகரத்தில் இருப்பவர்களுக்கு நடுவில் ஒரு கேள்வி உண்டு.

"டேட்டா அனலிட்டிக்ஸ்னு சொல்றாங்களே, அதுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு படிச்சிருக்கணுமா?"

வேண்டாம். கூட்டல், கழித்தல், சதவீதம் தெரிந்தால் போதும். ஊராட்சிக் கணக்கில் நாம் செய்வது மூன்றே வேலை: போன வருடத்தோடு இந்த வருடத்தை ஒப்பிடுவது, பக்கத்து ஊரோடு நம் ஊரை ஒப்பிடுவது, ஒரு பதிவேட்டை இன்னொரு பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பது. எக்செல் இருந்தால் வேகமாக முடியும். இல்லாவிட்டால் கட்டம் போட்ட நோட்டே போதும். மூன்றாவது வேலையில்தான் சங்கதி அதிகம் கிடைக்கும், ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் அதைச் செய்வதே இல்லை.

"ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்துதான் வருது?"

நான்கு வழிகள். முதலாவது, சொந்த வருவாய்: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், குத்தகை, உரிமக் கட்டணம். இரண்டாவது, மாநில நிதிக் குழு மானியம். மூன்றாவது, மத்திய நிதிக் குழு மானியம். நான்காவது, திட்டங்களுக்கென்றே வரும் பணம்.

இதில் மத்திய நிதிக் குழு மானியத்தைத் தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 15ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்ட பணம். மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம், சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் தொடக்கூடாது என்பது அந்தக் காலத்துக்கான விதி. "இவ்வளவு பணம் வந்தும் ரோடு போடவில்லையே" என்று எழுந்து கத்துவதற்கு முன்பு, அந்தப் பணம் ரோடு போடக்கூடிய பணம்தானா என்று பாருங்கள்.

"கணக்கை எங்க பார்க்கிறது? ஆபீசுக்குப் போனா 'அப்புறம் வாங்க'ன்னு அனுப்பிடறாங்க."

வீட்டிலிருந்தே தொடங்கலாம். 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய, மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் நிதியாண்டு, மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் அந்த ஆண்டின் வேலைத் திட்டமும் வரவு செலவும் வரும். கடவுச்சொல் கேட்காது. தணிக்கை அறிக்கைகளுக்கு ஆடிட் ஆன்லைன் என்ற தளம் இருக்கிறது. இந்தக் கணக்குகளைப் பொதுவெளியில் வைப்பது ஊராட்சி மனசு வைத்துச் செய்கிற காரியமில்லை. முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும், அதற்கும் முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கும் இணையத்தில் இருந்தால்தான் மானியம் என்று 15ஆவது நிதிக் குழுவே நிபந்தனை போட்டது.

ஆனால் அங்கே துலக்கமாகத் தெரிவது நிதிக் குழு மானியம்தான். வீட்டு வரி, கரண்ட் பில் போன்றவற்றுக்குப் படிவம் 30 வேண்டும். வரவு செலவின் சுருக்கம் அதில் இருக்கும், கிராம சபையில் வாசிக்கவும் வைக்கவும் வேண்டியது அது. அலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். நான்கு கிராம சபைகளின் படிவம் 30 கையில் இருந்தால் அதுவே நல்ல தரவுத் தொகுப்பு.

"எங்க ஊர் பேர்ல மாவட்டத்துல ரெண்டு ஊராட்சி இருக்கு. எது எங்களுதுன்னு தெரியல."

ஒவ்வொரு ஊராட்சிக்கும் உள்ளாட்சி அடைவு எண் என்று ஒரு எண் உண்டு. எழுத்துப் பிழை எப்படி இருந்தாலும் அந்த எண் மாறாது. பெயரை வைத்து ஒட்டாமல் எண்ணை வைத்தே எல்லா அட்டவணைகளையும் ஒட்டுங்கள்.

"வீட்டு வரி 91 சதவீதம் வசூல்னு தலைவர் சொன்னார். நான் கணக்குப் போட்டா 58 வருது. யார் சொல்றது பொய்?"

பெரும்பாலும் இருவருமே சரி. இந்தச் சண்டையைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். ஊராட்சிகளில் வரியைக் கேட்பு (வர வேண்டிய தொகை), வசூல், நிலுவை என்று எழுதுவார்கள். உதாரணத்துக்கு ஒரு ஊர்: பழைய நிலுவை 1,80,000 ரூபாய், இந்த ஆண்டுக் கேட்பு 3,20,000, ஆக மொத்தக் கேட்பு 5,00,000. வசூலானது 2,90,000. இதை இந்த ஆண்டுக் கேட்பால் வகுத்தால் 91 சதவீதம். மொத்தக் கேட்பால் வகுத்தால் 58.

இரண்டையும் விட முக்கியமான மூன்றாவது எண் ஒன்று இருக்கிறது. வசூலான 2,90,000-இல் பழைய பாக்கி எவ்வளவு? 1,10,000 என்று வைத்துக்கொண்டால், இந்த ஆண்டின் வரியில் வந்தது 1,80,000 மட்டும், அதாவது 56 சதவீதம். பழைய பாக்கியைத் துரத்திப் பிடித்த அதே ஆண்டில் புதுப் பாக்கி 1,40,000 சேர்ந்துவிட்டது. கிராம சபையில் சதவீதம் கேட்காதீர்கள். "நடப்பு எவ்வளவு, நிலுவை எவ்வளவு, தனித்தனியாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

"வரியே போடாத வீடுகள் நிறைய இருக்குன்னு ஊர்ல பேச்சு. அதைக் கண்டுபிடிக்க முடியுமா?"

ஒரு அளவுக்கு முடியும். முதல் பதிலில் சொன்ன மூன்றாவது வேலை இதுதான். வரிவிதிப்புப் பதிவேட்டில் எத்தனை வீடுகள்? குடிநீர் இணைப்பு எத்தனை? ஊருக்குள் வீட்டு மின் இணைப்பு எத்தனை? வரிப் பதிவேட்டில் 640, மின் இணைப்பு 810 என்று இருந்தால் இடைவெளியைத் தேடிப் போகலாம்.

170 வீடுகள் ஏமாற்றுகின்றன என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். மாடிக்குத் தனி மீட்டர், அண்ணன் தம்பிக்குத் தனி மீட்டர், வாடகைப் போர்ஷன் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று இணைப்புகள் இருக்கும். தெரு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எல்லாத் தெருவிலும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் அது மாடி மீட்டர். ஏதோ ஒரு புது நகரில் மட்டும் அறுபது இணைப்பும் ஐந்து வரி ரசீதும் இருந்தால், அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

"கரண்ட் பில்லுக்கே ஊராட்சிப் பணம் முழுக்கப் போகுதுன்னு சொல்றாங்க. நம்பலாமா?"

நம்பலாம். ஆனாலும் சரிபார்த்து நம்புங்கள், இதற்கு அளவுகோல் இருக்கிறது. 5 குதிரைத் திறன் மோட்டார் என்பது 3.73 கிலோவாட். தினம் 6 மணி நேரம் ஓடினால் சுமார் 22 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1,340 யூனிட் அளவில் வரும். மோட்டார் பழசு என்றால் இன்னும் கொஞ்சம் கூடும். பில்லில் 3,000 யூனிட் இருந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: தொட்டி நிரம்பி வழியும்போதும் மோட்டார் ஓடுகிறது, குழாய் எங்கேயோ கசிகிறது, அல்லது மீட்டரில் கோளாறு.

தெருவிளக்குக்கும் இப்படியே. 20 வாட் எல்.இ.டி. விளக்குகள் 100, இரவு 12 மணி நேரம் எரிந்தால் தினம் 24 யூனிட். எல்லாவற்றையும் எல்.இ.டி.க்கு மாற்றிவிட்டோம் என்று செலவு எழுதிய பிறகும் யூனிட் இறங்கவில்லையென்றால், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் ஒரு நடை நடந்து வாருங்கள். பகலிலும் எரிகிறதா என்றும் பாருங்கள். நான் பார்த்த ஊர்களில் திருட்டைவிட அணைக்க மறந்த சுவிட்சுதான் ஊராட்சியின் காசை அதிகம் தின்றிருக்கிறது. இது தலைவருக்கும் பயன்படுகிற கணக்கு என்பதால், முதல் முறை கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கு இதையே எடுத்துக் கொடுக்கிறேன்.

"பக்கத்து ஊராட்சியில ஆளுக்கு இவ்வளவு செலவு பண்றாங்க, இங்க பாதிதான். இதை வச்சுக் கேக்கலாமா?"

கேட்கலாம், ஆனால் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆள் கணக்குக்கு எல்லோரும் எடுப்பது 2011 மக்கள்தொகை. நெடுஞ்சாலை ஓரத்தில் மனைப்பிரிவுகள் வந்த ஊரில் அதற்குப் பிறகு ஜனம் இரண்டு மடங்கு ஆகியிருக்கும், மானியம் பழைய கணக்கில்தான் வரும். இரண்டு, ஊரின் வாகு. ஒரே கொத்தாக இருக்கும் ஊருக்கு ஒரு தொட்டி போதும். பத்துக் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும் ஊராட்சிக்குப் பத்துத் தொட்டி, பத்து மோட்டார், பத்து இடத்தில் குழாய்ப் பழுது. ஒரே மாதிரி ஊர்கள் ஐந்தாறை எடுத்து அதற்குள் ஒப்பிடுங்கள். மாவட்ட சராசரி எதற்கும் உதவாது.

"எந்தச் செலவைப் பார்த்தா சந்தேகப்படணும்?"

நான் முதலில் தேதியைப் பார்ப்பேன். வருடம் முழுக்க அமைதியாக இருந்துவிட்டு மார்ச் கடைசி வாரத்தில் செலவு குவிந்திருக்கிறதா? அதுவே குற்றமில்லை. மானியமே பிப்ரவரியில் வந்து சேர்ந்திருக்கலாம், வரவு தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்து, ஒரே தெருவின் வேலை மூன்று துண்டாக, ஒரே நாளில், ஒரே ஆளுக்குப் போயிருக்கிறதா? ஒப்பந்தப்புள்ளி கோராமல் இருக்க வேலையைப் பிரிப்பது பழைய வழக்கம். பிறகு, ஒவ்வொரு வருடமும் அதே கைப்பம்புக்கு அதே தொகையில் பழுது. கடைசியாக, பிளீச்சிங் பவுடர் வாங்கிய அளவு. தொட்டிகளின் எண்ணிக்கையோடு அதைப் பொருத்திப் பாருங்கள்.

இவை எதுவும் தீர்ப்பில்லை. எந்தச் செலவுச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஒரு முறை நானே சறுக்கினேன். ஒரே தொகை, ஒரே ஆள், நான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை. பிடித்துவிட்டோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். முதல் முறை வங்கிக் கணக்கு எண் பிழையால் பணம் திரும்பி வந்திருந்தது. அது வரவுப் பக்கத்தில் இருந்தது, நான் செலவுப் பக்கத்தை மட்டும் இறக்கியிருந்தேன். செயலரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், தேநீர் கொடுத்து அனுப்பினார்.

"காலேஜ்ல பென்ஃபோர்டு விதி படிச்சேன். அதை ஊராட்சிக் கணக்குல போட்டா மோசடி தெரிஞ்சிடுமா?"

தெரியாது தம்பி. இயல்பாகச் சேரும் எண்களில் சுமார் 30 சதவீதம் 1-இல் தொடங்கும் என்பது அந்த விதி. அதற்கு ஏராளமான பதிவுகள் வேண்டும், எண்கள் பல மடங்கு வித்தியாசத்தில் பரவியிருக்கவும் வேண்டும். நம் ஊராட்சியில் ஒரு வருடத்துக்கு இருநூறு சீட்டு தேறினால் அதிகம். அதிலும் பாதி மாதாமாதம் ஒரே தொகையாகப் போகும் சம்பளம். இதில் விதி பொய்த்தால் சம்பளப் பட்டியலைக் கண்டுபிடித்த பெருமைதான் மிஞ்சும்.

"தளத்துல வேலை முடிஞ்சதுன்னு போட்டிருக்கு. நேர்ல ஒண்ணுமே இல்லை. என்ன செய்யலாம்?"

முதலில் அது உங்கள் குக்கிராமம்தானா என்று பாருங்கள். பெயரைத் தவறாகப் பதிவது சகஜம். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். "அந்த வேலையின் மதிப்பீடு, அளவுப் புத்தகத்தின் பக்கம், செலவுச் சீட்டு, தீர்மான நகல்" என்று நான்கு ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலையில்லை. 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

அளவுப் புத்தகம்தான் இதில் உயிர். நீளம், அகலம், கனம் எல்லாம் அதில் இருக்கும். டேப்போடு போய் அளந்து பாருங்கள்.

"இவ்வளவு பார்த்துட்டு கிராம சபையில போய் எப்படிப் பேசறது? யாரும் கேக்க மாட்டேங்கறாங்க."

ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு சபைக்கு ஒரு கேள்வி போதும். பத்துக் கேள்வியோடு போனால் எளிதானதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கூட்டத்தை முடித்துவிடுவார்கள். கேள்வியை எழுத்தில் கொடுங்கள், தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்: மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. நீங்கள் கேள்வி கேட்ட அன்று மட்டும் "கோரம் இல்லை" என்ற பேச்சு வரலாம்.

எண்ணை எப்படிச் சொல்கிறோம் என்பதும் இருக்கிறது. ஒரு முறை வரவு செலவை வட்டமாக வரைந்து, வண்ணம் தீட்டி, பெரிய தாளில் ஒட்டினோம். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, "இந்த வட்டத்துல எங்க தெரு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். அடுத்த முறை வட்டத்தை விட்டுவிட்டோம். தெருப் பெயர், அந்தத் தெருவில் நடந்த வேலை, அதற்கான ரூபாய் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒருவர் சத்தமாக வாசித்தார். தங்கள் தெரு பெயர் வராதவர்கள் தாங்களாகவே எழுந்து கேட்டார்கள்.

"எங்களுது பேரூராட்சி. இதெல்லாம் எங்களுக்கு உண்டா?"

கிராம சபை இல்லை. வார்டு குழு, பகுதி சபை என்று 2022-இல் விதிகள் வந்தன. கணக்கைப் பார்க்கும் முறை இதேதான். நகர்ப்புறங்களில் சொத்து வரிக்குத்தான் கனம் அதிகம் என்பதால், 91-க்கும் 58-க்கும் நடந்த சண்டையை நன்றாகப் படித்து வையுங்கள்.

"தலைவரே இல்லாம தனி அலுவலர் ஆட்சி நடக்குது. இப்ப யாரைக் கேக்கறது?"

28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லை என்பதால் கிராம சபை இல்லாமல் போகாது. கணக்கும் பதிவேடும் அதே இடத்தில்தான் இருக்கும். இந்தக் காலத்தைத் தனியாகப் பிரித்து வைத்து, முந்தைய மாதங்களோடு ஒப்பிடுங்கள். பிற்பாடு "அது அவங்க காலம், இது இவங்க காலம்" என்று பந்து உருளும்போது தேவைப்படும்.

"எங்க தெருவுல இருந்து புகாரே போகல, அதனால பிரச்சினை இல்லைன்னு அதிகாரி சொல்றார்."

இது தரவை வைத்துச் செய்கிற தவறுகளில் மோசமானது. முதல்வரின் உதவி எண்ணான 1100-க்குப் போன புகார்களை எண்ணினால், எங்கே குறை இருக்கிறது என்பது தெரியாது. எங்கே கூப்பிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் தெரியும். காலனியிலிருந்து புகார் வரவில்லையென்றால், அங்கே தண்ணீர் தாராளமாக வருகிறது என்றும் இருக்கலாம், சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டார்கள் என்றும் இருக்கலாம். நேரில் போய் ஒரு வாரம் தினமும் எத்தனை குடம் பிடித்தார்கள் என்று பத்து வீட்டில் எழுதி வாங்குங்கள். அந்தப் பத்து வரி, புகார்ப் பட்டியலைவிடக் கனமானது.

"வரி கட்டாதவங்க பேரை பேனர்ல போட்டா உடனே கட்டிடுவாங்க இல்ல?"

சிலர் கட்டுவார்கள். நான் வேண்டாம் என்பேன். 300 ரூபாய் பாக்கி வைத்த விதவையின் பெயர் பேனரில் வரும், லட்சக்கணக்கில் பாக்கி வைத்த ஆலை ஏதோ ஒரு நிறுவனப் பெயருக்குள் ஒளிந்துகொள்ளும். சட்டமும் மாறியிருக்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவலை மறுப்பதை எளிதாக்கிவிட்டது. தெரு வாரியாக மொத்தப் பாக்கி, வணிகக் கட்டடங்களின் பாக்கி என்று இரண்டு எண்ணைப் போடுங்கள். அதிலேயே ஊர் பேசும்.

"பஞ்சாயத்துக்கு மார்க் போட்டிருக்காங்களாமே. எங்க ஊருக்கு 58. நல்லதா கெட்டதா?"

ஊராட்சி முன்னேற்றக் குறியீடு என்பது அது. ஒன்பது தலைப்புகளில் 100-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 2022-23 ஆண்டுக்கான முதல் குறியீடு 435 குறிகாட்டிகளை வைத்து 2025 ஏப்ரலில் வந்தது. 90-க்கு மேல் வாங்குவது முதல் படி, அந்த முதல் முறை நாட்டில் ஒரு ஊராட்சியும் அதை எட்டவில்லை. 58 என்றால் நான்காவது படி, பெரும்பாலான ஊராட்சிகள் அப்போது நின்ற இடம். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, தண்ணீர் என்ற ஒரு தலைப்பை மட்டும் திறந்து, என்ன விவரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த விவரத்தை நிரப்பிக் கொடுத்ததும் உள்ளூரில்தான். உங்கள் ஊர்க் குழாயோடு அது ஒத்துப் போகிறதா என்பதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது.

"இனிமே ஏ.ஐ. தான் கிராம சபை மினிட் எழுதுமாமே?"

சபாசார் என்ற கருவியை மத்திய ஊராட்சி அமைச்சகம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. கூட்டத்தின் ஒலி ஒளிப் பதிவைக் கொடுத்தால் நடவடிக்கைக் குறிப்பை எழுதித் தரும். வரட்டும். ஆனால் நம் சபைகளில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், மைக் தலைவர் கையில் இருக்கும். மைக்கில் பேசியவர் சொன்னது பதியும், மரத்தடியில் நின்று கத்திய பெண் சொன்னது பதியாது. பழைய தீர்மானப் புத்தகத்திலும் அதுதான் கதி என்பது வேறு விஷயம். எழுத்தில் கொடுங்கள் என்று மேலே சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

"தலைவர் எனக்குத் தாய்மாமன். சபையில எழுந்து கணக்குக் கேட்டா வீட்டுல சோறு கிடைக்காது. என்ன பண்ண?"

சிரிக்காமல் பதில் சொல்கிறேன், வருடத்துக்கு நான்கு பேராவது இதைக் கேட்கிறார்கள். சபைக்கு ஒரு வாரம் முன்பே, கேள்வியும் கணக்கும் எழுதிய ஒற்றைத் தாளை மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். "இதைக் கேட்கப் போறாங்க மாமா, பார்த்து வச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். கரண்ட் பில் கணக்காக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு இடத்தில் இது நடந்தது. ஒரு மாமா அன்று சாயங்காலமே ஆபரேட்டரைக் கூப்பிட்டு மோட்டார் நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னார். இன்னொரு மாமா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒன்றுமே பேசவில்லை. அந்தச் சபையில் கேள்வியை மாமன் மகளே எழுந்து கேட்டாள்.